கோஸ்டா ரிக்காவின் ஆமைக் கரைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா? – கேள்வி பதில்

கோஸ்டா ரிக்காவின் கரீபியக் கரையில் முதலில் களப்பணியாளராகவும், பின்னர் வெளிநாடுகளிலிருந்து வரும் பள்ளி மாணவர் குழுக்களின் பொறுப்பாளராகவும் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு, கடலாமைப் பாதுகாப்புப் பணிக்குத் தம் பிள்ளைகளை அனுப்ப எண்ணும் பெற்றோரின் கேள்விகளுக்கும், செல்ல விரும்பும் இளைஞர்களின் கேள்விகளுக்கும் இங்கே பதில் தருகிறேன்.

மேடம், என் மகனுக்கு 16 வயது. இரவில் கடற்கரையில் அவனை என்ன வேலை செய்யச் சொல்வார்கள்? (கோயம்புத்தூரிலிருந்து ஒரு தாய்)

பெரும்பகுதி நடைதான். உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் பின்னால், நான்கு மணி நேரம் அளவுக்கு, கால் புதையும் மணலில், விளக்கில்லாமல் நடக்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகிவிட்டால் விண்மீன் ஒளியே போதுமானதாக இருக்கும். மழைக்காகச் சுற்று நிறுத்தப்படுவதில்லை. இடி மின்னல் இருந்தால் மட்டுமே நிறுத்துவார்கள். ஆமை ஒன்று கரையேறிய தடத்தைக் கண்டால் வழிகாட்டி மட்டும் முன்னே சென்று பார்ப்பார். அது இடம் தேடும்போதும் குழி தோண்டும்போதும் யாரும் நெருங்கக் கூடாது, ஏனெனில் அந்த நேரத்தில் சிறு வெளிச்சமோ அசைவோ பட்டால்கூட முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். முட்டைகள் விழத் தொடங்கிய பிறகு அது தன்னைச் சுற்றி நடப்பதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை என்பதால், அந்தச் சில நிமிடங்களில்தான் ஓட்டின் நீளத்தை நாடாவால் அளப்பதும், துடுப்பில் உலோக அடையாளத் தகடு இருக்கிறதா என்று பார்ப்பதும், முட்டைகளை எண்ணுவதும் நடக்கும். உங்கள் மகனின் கையில் நாடாவின் ஒரு முனையோ குறிப்பேடோ எண்ணும் கருவியோ இருக்கும். பச்சை ஆமை என்றும் சொல்லப்படும் பேராமை ஒரு முறைக்கு ஏறத்தாழ 110 முட்டைகள் இடும். கடலாமைகளில் மிகப் பெரியதான ஏழுவரி ஆமை (லெதர்பேக்) 80 அளவில் இடும். அவற்றோடு மஞ்சள் கருவில்லாத சிறு உருண்டைகளும் வரும்.

அலை எட்டும் இடத்திலோ திருடர்கள் எளிதில் கண்டுபிடிக்கும் இடத்திலோ முட்டைகள் இருந்தால், அவற்றை எடுத்து வேலியிட்ட பொரிப்பிடத்தில் அதே ஆழத்தில் புதைப்பார்கள். இதைச் சில மணி நேரத்துக்குள் செய்து முடிக்க வேண்டும். கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்ட பிறகு முட்டை புரண்டால் உள்ளிருக்கும் உயிர் இறந்துவிடும்.

பகலில் மணல் சலிப்பது, மிதந்து வந்த மரங்களையும் பிளாஸ்டிக்கையும் அகற்றுவது, குஞ்சுகள் வெளியேறிய குழிகளைத் தோண்டி வெற்று ஓடுகளையும் அழுகிய முட்டைகளையும் தனித்தனியே எண்ணுவது ஆகிய வேலைகள் இருக்கும். இந்தக் கடைசி வேலையின் நாற்றத்தைப் பற்றி அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு கரையில் எத்தனை விழுக்காடு முட்டைகள் பொரிந்தன என்ற கணக்கு இந்த வேலையிலிருந்துதான் கிடைக்கிறது.

எந்த மாதத்தில் செல்வது நல்லது?

எந்த ஆமை, எந்தக் கரை என்பதைப் பொறுத்தது. கரீபியக் கரைக்கு ஏழுவரி ஆமைகள் மார்ச் முதல் ஜூன் வரை வருகின்றன. தமிழ்நாட்டுக் கோடை விடுமுறைக்கு இது பொருந்தும். அதே கரையிலுள்ள தோர்ட்டுகெரோவில் பேராமைகளின் பருவம் ஜூலை முதல் அக்டோபர் வரை. இங்கிலாந்திலும் கனடாவிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு அது வசதி. பசிபிக் கரையிலுள்ள லாஸ் பவுலாஸ் தேசியப் பூங்காவுக்கு ஏழுவரி ஆமைகள் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வரும்.

தோர்ட்டுகெரோவைப் பற்றி இரண்டு வரி சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1950களில் அங்கே ஆமைகளுக்குத் தகடு பொருத்தத் தொடங்கினார். அந்தப் பணியை ஆதரிக்க 1959இல் ஓர் அமைப்பு உருவானது. 1975இல் அக்கரை தேசியப் பூங்காவானது. தலைமுறைகளாக ஆமைகளைப் பிடித்தும் முட்டைகளை எடுத்தும் வாழ்ந்த அந்தக் கிராமத்தினர் பலர், இன்று அதே ஆமைகளைக் காண வருவோருக்கு வழிகாட்டிப் பிழைக்கிறார்கள். அங்கே செல்லும் பிள்ளைகள் இந்த வரலாற்றைப் படித்துவிட்டுச் செல்ல வேண்டும்.

இதற்குத் தரப்படும் சான்றிதழ் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்குப் பயன்படுமா?

சான்றிதழ் தருவார்கள். அதற்கு என்ன மதிப்பு என்பது அந்தந்தக் கல்லூரியைப் பொறுத்தது. அது என் துறை அன்று. சான்றிதழுக்காக மட்டுமே வந்த பிள்ளைகள் மூன்றாம் இரவிலேயே சோர்ந்துவிடுவதையும், வழிகாட்டி அவர்களுக்காகத் தன் சுற்றைப் பாதியில் முடித்துத் திரும்புவதையும் பார்த்திருக்கிறேன். அந்த இரவில் அவர் நடக்காமல் விட்ட கரைப்பகுதியில் முட்டைத் திருடர்கள் நடந்திருப்பார்கள். மகனோ மகளோ உண்மையில் விரும்புகிறார்களா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

அங்கே ஒரு பாதுகாவலரைக் கொன்றுவிட்டார்கள் என்று படித்தேன். உண்மைதானா? மகளை அனுப்பப் பயமாக இருக்கிறது. (டொரொன்டோவிலிருந்து ஒரு தந்தை)

உண்மைதான். ஹைரோ மோரா சந்தோவால் என்ற 26 வயது இளைஞர், லிமோன் நகருக்கு அருகிலுள்ள மொயின் கடற்கரையில் ஏழுவரி ஆமைகளின் முட்டைகளைக் காத்து வந்தவர், 2013 மே 31 அன்று கொல்லப்பட்டார். அன்றிரவு அவருடன் சென்ற நான்கு வெளிநாட்டுப் பெண் தன்னார்வலர்களும் கடத்தப்பட்டார்கள். அவர்கள் உயிர் தப்பினார்கள். முதல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோர் விடுவிக்கப்பட்டு, மறு விசாரணையில் 2016இல் நான்கு பேர் தண்டிக்கப்பட்டார்கள். அந்தக் கரையோரத்தில் போதைப்பொருள் கடத்தலும் முட்டைத் திருட்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என்பதும், காவல் துறையின் துணை போதுமான அளவு கிடைக்கவில்லை என்பதும் அப்போது வெளிப்படையாகவே பேசப்பட்டன.

உங்கள் பயத்தைத் தேவையற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாக் கரைகளும் மொயின் அல்ல. நெடுங்காலமாக ஆராய்ச்சி நிலையம் இயங்கும் தேசியப் பூங்காவுக்கும், துறைமுக நகரை ஒட்டிய காவலற்ற கரைக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. அமைப்பாளர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: இரவுச் சுற்றை யார் வழிநடத்துகிறார், அவர் அந்தக் கரையில் எத்தனை பருவங்கள் பணியாற்றியவர், திருடர்கள் எதிர்ப்பட்டால் என்ன செய்வீர்கள், அருகிலுள்ள மருத்துவமனைக்குப் படகிலும் சாலையிலும் எவ்வளவு நேரமாகும், 18 வயது நிறையாதவர்களுக்குப் பொறுப்பாளர் யார். திருடர் எதிர்ப்பட்டால் “மாணவர்களை விலக்கி அழைத்துச் சென்றுவிடுவோம், முட்டையை விட்டுவிடுவோம்” என்பதே சரியான பதில். “துரத்துவோம்” என்று பெருமையாகச் சொல்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். பல அமைப்புகள் 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆசிரியரோ பெற்றோரோ உடன் வந்தால் மட்டுமே ஏற்கின்றன. அது நல்ல விதி.

அக்கா, ஆஸ்தியோனால் என்ற கிராமத்தில் அரசே ஆமை முட்டை விற்க அனுமதி கொடுத்திருக்கிறதாமே? ஒரு பக்கம் திருட்டு என்று சொல்லிக்கொண்டு, மறுபக்கம் விற்பனையா? (மதுரையிலிருந்து கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி. பசிபிக் கரையிலுள்ள ஆஸ்தியோனாலுக்குப் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) சில இரவுகளுக்குள் பெருங்கூட்டமாக வந்து முட்டையிடுகின்றன. ஒரே வருகையில் பல்லாயிரக்கணக்கில், சில வேளைகளில் இலட்சக்கணக்கில் வரும். இடம் போதாததால், பின்னால் வரும் ஆமைகள் முன்னால் வந்தவற்றின் குழிகளைத் தோண்டிச் சிதைக்கின்றன. உடைந்த முட்டைகள் அழுகி, மணலில் கிருமி பெருகி, நல்ல முட்டைகளும் கெடுகின்றன. எப்படியும் அழியப்போகும் முட்டைகள் என்பதால், ஒவ்வொரு பெருவருகையின் முதல் 36 மணி நேரத்தில் இடப்படும் முட்டைகளைக் கிராமச் சங்கத்தினர் எடுத்து விற்க 1987 முதல் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்கு ஈடாகக் கரையைச் சுத்தம் செய்வது, இரவில் காவல் காப்பது, குஞ்சுகளை நாய்களிடமிருந்தும் கழுகுகளிடமிருந்தும் காப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு.

(அதே மாணவி) அப்படியானால் சந்தையில் இருக்கும் முட்டை சட்டப்படி எடுத்ததா, திருடியதா என்று யார் கண்டுபிடிப்பார்கள்?

இந்த ஏற்பாட்டின் மீது வைக்கப்படும் வலுவான குற்றச்சாட்டு அதுதான். ஆஸ்தியோனால் முட்டைகள் அடையாளமிட்ட பைகளில் விற்பனைக்குச் செல்கின்றன. ஆனால் மதுக்கடையில் பையிலிருந்து கோப்பைக்கு வந்த முட்டைக்கு அடையாளம் ஏதும் கிடையாது. முட்டை உண்ணும் பழக்கத்தையும் அது தொடரச் செய்கிறது. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்தக் கரையில் காவல் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். அனுமதியை நாளை நீக்கினால், அதே மக்களுக்குக் காவல் நிற்க என்ன காரணம் மிஞ்சும்?

நான் இதை ஏற்கவில்லை. பசிக்காக எடுத்தாலும் உரிமத்தோடு எடுத்தாலும் முட்டை முட்டைதான். இப்படி விலை வைத்துவிட்டு இளைஞர்களுக்கு என்ன பாதுகாப்பைக் கற்பிக்க முடியும்? (சென்னையிலிருந்து ஒரு வாசகர்)

உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது, ஐயா. ஆனால் எல்லா ஆமைகளுக்கும் ஒரே விதி பொருந்தாது. தனித்தனியே வந்து முட்டையிடும் ஏழுவரி ஆமையின் ஒரு குழியை எடுப்பது, அந்த இனத்துக்கு நேரும் நேரடி இழப்பு. பெருங்கூட்டமாக வரும் பங்குனி ஆமையின் முதல் இரவு முட்டைகள் வேறு கணக்கு. பசிபிக் கரையில் பிளாயா கிராந்தேயில் 1988–89 பருவத்தில் 1,367 ஏழுவரி ஆமைகள் முட்டையிட்டன. 1998–99இல் 117 மட்டுமே. பல ஆண்டுகள் ஏறக்குறைய எல்லா முட்டைகளையும் எடுத்ததும், ஆழ்கடல் மீன்பிடிப்பில் வளர்ந்த ஆமைகள் சிக்கி இறந்ததும் சேர்ந்து செய்த வேலை அது. அங்கே ஒரு முட்டையை எடுப்பதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். ஆஸ்தியோனாலில் கிராமத்தார் எடுப்பதைக் குற்றம் என்று சொல்லவும் மாட்டேன். இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ள 17 வயதுப் பிள்ளைகளால் முடியும். நான் அழைத்துச் சென்றவர்கள் இரவெல்லாம் இதையே விவாதித்திருக்கிறார்கள்.

விசா எப்படிப் பெறுவது?

விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அந்நாட்டுத் தூதரகத்திடம் நேரடியாகக் கேளுங்கள்.

சான்றிதழில் எத்தனை மணி நேரம் பணி என்று குறிப்பிடுவார்களா?

அமைப்பிடம் கேளுங்கள். மேலே சொன்னதையும் படியுங்கள்.

கோஸ்டா ரிக்கா தொலைவு. இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள பொரிப்பகங்களிலும் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்களே, அங்கே அனுப்பலாமா? குஞ்சுகளைத் தொட்டியில் வைத்துப் பராமரிக்கவும் கற்றுத்தருவார்களாம்.

தொட்டி என்ற சொல்லைக் கேட்டவுடன் விலகிவிடுங்கள். குஞ்சு முட்டையிலிருந்து வந்ததும், வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவின் வலுவைக் கொண்டு, முதல் நாள் முழுவதும் ஏறத்தாழ ஓய்வின்றி நீந்தி, இரைதேடும் மீன்கள் மிகுந்த கரையோர நீரைக் கடக்க வேண்டும். அந்த வலுவைத் தொட்டியின் சுவரில் மோதி மோதிச் செலவழித்த பிறகு கடலில் விட்டால் அது எப்படிப் பிழைக்கும்? நெருக்கத்தில் ஒன்றையொன்று கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும், நோயும் பரவும். பயணிகளுக்குக் காட்டவும், அவர்கள் கட்டணம் செலுத்திக் கையால் கடலில் விடவுமே பல இடங்களில் குஞ்சுகளை வைத்திருக்கிறார்கள். அதே இலங்கையில், ரெக்காவ கரையில், முட்டைகளை இட்ட இடத்திலேயே விட்டுக் காவல் காக்கும் முறை 1990களிலிருந்து நடந்திருக்கிறது. எந்த நாடானாலும் குஞ்சைக் கையில் எடுத்துப் படம் பிடிக்க விடும் இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். கோஸ்டா ரிக்காவிலும் அப்படிப்பட்ட இடங்கள் இல்லாமல் இல்லை.

கைப்பேசியில் ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாமா?

கூடாது. திரையின் வெளிச்சமே போதும், ஆமையைத் திருப்பி அனுப்பிவிடும். சிவப்பு ஒளி விளக்கைக்கூட வழிகாட்டி சொன்னால் மட்டுமே ஏற்ற வேண்டும்.

இத்தனை பணம் கட்டி அவ்வளவு தொலைவு ஏன் போக வேண்டும்? சென்னையிலேயே ஆமை நடை இருக்கிறதே?

மிகச் சரி. சென்னையில் மாணவர்களே நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இயங்கி வருகிறது. பருவகாலத்தில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவு முழுவதும் நடக்கிறார்கள். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. நம் கரையில் வேலைக்குக் குறைவில்லை. முதலில் அங்கே ஓர் இரவு நடந்துவிட்டு வாருங்கள் என்றுதான் என்னிடம் கேட்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்கிறேன். அதன் பிறகும் வெளிநாடு செல்ல விரும்பினால், கட்டணத்தில் எவ்வளவு உள்ளூர் வழிகாட்டிகளின் சம்பளத்துக்கும், மாணவர்களைத் தங்கவைக்கும் கிராமத்துக் குடும்பங்களுக்கும் செல்கிறது என்று கேளுங்கள். முட்டை எடுத்துப் பிழைத்தவருக்கு முட்டையைக் காத்துப் பிழைக்க ஒரு வழி உண்டாக்குவதில்தான் வெளிநாட்டு மாணவரின் பணம் மெய்யாகப் பயன்படுகிறது. அந்தக் கணக்கைச் சொல்லத் தயங்கும் இடைத்தரகு நிறுவனத்தை விட்டுவிடுங்கள்.

இணையவழியில் சான்றிதழ் வாங்க முடியுமா?

சான்றிதழ் பற்றிய கேள்விகளுக்கு இனிப் பதிலளிக்கப் போவதில்லை.

எனக்கு 17 வயது. இரண்டு வாரம் மட்டுமே இருக்க முடியும். என்னால் ஆமைகளுக்கு உண்மையில் ஏதாவது நன்மை உண்டா? (சிங்கப்பூரிலிருந்து)

உண்டு. நீங்கள் நினைக்கும் வகையில் இராமல் போகலாம். இரண்டு வாரத்தில் ஓர் ஆமையைக்கூடக் காணாமல் திரும்பிய மாணவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கரையில் ஆள் நடமாட்டம் இருக்கும் இரவில் திருட்டு குறைகிறது. நீங்கள் பிழையின்றி எழுதிய அளவுகள் ஆண்டுக்கணக்கில் தொடரும் பதிவேட்டில் சேர்கின்றன. சென்ற ஆண்டுகளின் பதிவுகளோடு ஒப்பிடுவதற்காக உங்கள் எண்களையே நம்பப் போகிறார்கள் என்பதால், தெரியாததை ஊகித்து எழுதாமல் “பார்க்கவில்லை” என்று எழுதுங்கள். புறப்படுவதற்கு முன் கொஞ்சம் ஸ்பானிய மொழி பழகிக்கொள்ளுங்கள். வழிகாட்டிகளில் பலருக்கு வேறு மொழி தெரியாது. நீண்ட கையுள்ள கருநிற உடைகளும், நனைந்தாலும் நடக்கத் தக்க மூடிய காலணிகளும் எடுத்துச் செல்லுங்கள். கொசுவிரட்டிக் களிம்பு பூசிய கையோடு மட்டும் முட்டையைத் தொடாதீர்கள்.