அகத்தியருக்கு இடமில்லாத கருவி

தம்பி,

போன வருஷம் என் பேத்தி எகிப்து போய்விட்டு வரும்போது எனக்கு ஒரு பித்தளை ஆஸ்ட்ரோலேப் (சூரியன், நட்சத்திரங்களின் இடத்தைப் பார்க்கும் பழங்காலக் கருவி) வாங்கி வந்தாள். நான் சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் பிட்டராக இருந்தவன், அளவு தெரியும். பின்பக்கத்துச் சட்டத்தை வைத்துச் சூரியன் உயரம் பார்த்தால் சரியாக வருகிறது. முன்பக்கத்து நட்சத்திரங்கள்தான் ஒன்றும் பொருந்தவில்லை. பிள்ளை ஏமாந்துவிட்டாளா? நீங்கள் நாலு மாதம் கையாலேயே ஒன்று செய்ததாக எழுதியிருந்தீர்கள். என் மகன், "லேசரில் கொடுத்தால் பத்து நிமிஷ வேலை அப்பா" என்கிறான். அவனுக்கு என்ன சொல்ல?

தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு பழைய பிட்டர்

அன்புள்ள ஐயா,

பேத்தி ஏமாறவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தேன். நடு ஆணியிலிருந்து தலையுச்சிப் புள்ளி (தலைக்கு நேர் மேலே உள்ள இடம்) வரை உள்ள தூரம், வான நடுக்கோட்டு வட்டத்தின் (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் வட்டம்) ஆரத்தில் கிட்டத்தட்ட 0.58 பங்கு. அப்படியென்றால் அது 30 பாகை அட்சரேகைக்கு வரைந்த தகடு, அதாவது கெய்ரோவுக்கானது. டர்பன் தெற்கே 29.9 பாகை. கோடுகள் அப்படியே பொருந்தும், கிழக்கு மேற்கு எழுத்துகளை மட்டும் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். கடைக்காரர் தெரியாமலேயே உங்கள் வீட்டுத் தகட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

பின்பக்கம் வெறும் கோணம் அளப்பது, எந்த ஊரிலும் வேலை செய்யும். (சூரியனை நேராகப் பார்க்காமல், ஒளி இரண்டு துளையிலும் நுழைந்து விழும்படி பிடித்துத்தானே அளந்தீர்கள்?)

தப்பு மேலே சுழலும் வலைத்தகட்டில் இருக்கிறது. அரபியில் அதைச் 'சிலந்தி' என்பார்கள், அதன் கூரிய முனைகள்தான் நட்சத்திரங்கள். வடக்கத்தியக் கருவியில், வானக் கோளத்தின் தென்முனையில் கண்ணை வைத்துப் பார்ப்பதுபோல் எல்லாவற்றையும் நடுக்கோட்டுத் தளத்தில் இறக்கி வரைகிறார்கள். வடமுனை நடுவில் வரும். தெற்கே போகப்போகப் படம் விரிந்துகொண்டே போகும் என்பதால் மகர ரேகையோடு, 23.4 பாகையில், தகட்டை வெட்டிவிடுவார்கள். அதற்குத் தெற்கே உள்ள எதற்கும் இடமில்லை. தென் சிலுவை இல்லை. கனோபஸ் 52.7 பாகை தெற்கே இருக்கிறது, அதுவும் இல்லை. கனோபஸ்தான் நம் அகத்திய நட்சத்திரம். தெற்கே அனுப்பப்பட்டவரைக் கருவியிலிருந்தும் அனுப்பிவிட்டார்கள்!

நமக்கு இதைத் திருப்பிப் போட வேண்டும். கண் வடமுனையில், நடுவில் தென்முனை, ஓரத்தில் கடக ரேகை. இது நம் புது யோசனை இல்லை. 1370-இல் பிரோஸ் ஷா துக்ளக்கின் காலத்தில் மகேந்திர சூரி என்ற சமணத் துறவி இக்கருவியைப் பற்றிச் சமஸ்கிருதத்தில் எழுதியதிலேயே வடக்குக் கருவி சௌம்யம், தெற்குக் கருவி யாம்யம் என்று இரண்டும் உண்டு. வலையும் இங்கே கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். வடக்கே பார்த்து நின்றால் நட்சத்திரங்கள் வலமிருந்து இடமாகத்தானே போகின்றன.

இன்னொன்று. கடையில் விற்பவை பெரும்பாலும் பழைய கருவியைப் பார்த்து எடுத்த பிரதிகள். விண்மீன்களின் இடம் சுமார் 72 வருஷத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. 400 வருஷத்துக்கு முந்தைய வலையை அச்சாக எடுத்தால் ஐந்தரை பாகை பிசகும். அதனால்தான் பிரதி எடுப்பதில் எனக்கு ருசியில்லை. அந்தக் காலத்து ஆசாரி என்ன செய்தாரோ, அதை நம் வானத்துக்கு முதலிலிருந்து செய்ய வேண்டும்.

சரி, லேசர். நான் அதற்கு எதிரி இல்லை. உங்கள் மகனிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: நாலு மாதத்தில் நான் அரம் பிடித்தது இரண்டு வாரம்தான். மீதியெல்லாம் வரைவது. இந்த முறையில் கோளத்தின் மேலுள்ள எந்த வட்டமும் தகட்டிலும் வட்டமாகவே விழும். அதனால் கவராயம் ஒன்றே போதும். ஒவ்வொரு உயர வட்டத்துக்கும் (அடிவானத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களைச் சேர்க்கும் வட்டம்) தகட்டின் வடக்கு தெற்குக் கோட்டில் இரண்டு புள்ளி கண்டுபிடித்து, அவற்றின் மத்தியில் ஊசியை ஊன்ற வேண்டியதுதான். கேட்க எளிது. என் தகடு 20 செ.மீ. அகலம். அடிவான வட்டத்தின் ஆரம் 13.2 செ.மீ., அதன் மையம் நடுவிலிருந்து 11.4 செ.மீ. தள்ளி, தகட்டுக்கு வெளியே! அதே கனத்தில் ஒரு மரத்துண்டைப் பக்கத்தில் அணைத்து, அதில் ஊசியை ஊன்றினேன்.

அப்புறம் ஓரத்துப் பாகைகள். கவராயம் 60 கொடுக்கும், பாதி பாதியாக 30, 15. ஐங்கோணத்தையும் சேர்த்தால் 3 வரை இறங்கலாம். அதற்குக் கீழே, ஒரு பாகையை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரையவே முடியாது. 1837-இல் வான்ட்செல் என்ற பிரெஞ்சுக்காரர் கொடுத்த நிரூபணத்திலிருந்து இது வருகிறது. ஆனால் அதற்குப் பல நூறு வருஷம் முன்பே ஆசாரிகள் பாகை பாகையாகக் கீறியிருக்கிறார்கள். எப்படி? 3 பாகை இடைவெளியில் டிவைடரை (இரு காலும் கூரான கவராயம்) உத்தேசமாக வைத்து மூன்று காலடி நடத்துவது, மிச்சம் விழுந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கைத் திறந்து மறுபடி நடத்துவது. ஆலையில் ஷிம் வைத்துச் சரிசெய்திருப்பீர்களே, அதே வேலைதான். என் தகட்டு ஓரத்தில் ஒரு பாகை 1.7 மி.மீ., கை பழகிவிட்டால் அதில் கால் பங்குகூடக் கண்ணில் உறுத்தும்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. வலையில் உள்ள ராசி வட்டத்தின் அளவும் மாறாது. மகரம் ஓரத்தைத் தொடும் இடத்தில் கடகம் என்று பொறித்து, மற்ற ராசிகளை எதிர்த் திசையில் வரிசையாக எழுதினால் போதும். ஆக, புதிதாக வேண்டியது நட்சத்திர முனைகள் மட்டும். அகத்தியரை நடுக்கோட்டு ஆரத்தில் 0.34 பங்கு தூரத்தில், கடக முனையிலிருந்து 6 பாகை கிழக்கே வையுங்கள். சிரியஸுக்கு 0.74 பங்கு, 11 பாகை.

வலைக்குப் புதுத் தகடு எடுத்தால், வெட்டுவதற்கு முன் பழுக்கக் காய்ச்சி ஆறவிடுங்கள். உருளையில் அழுத்தி வரும் தகட்டுக்குள் ஒரு முறுக்கு இருக்கும். காய்ச்சாமல் வெட்டிய என் முதல் வலை அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. முனைகளைக் கொஞ்சம் நீளமாகவே விட்டு, பிறகு ராவிக் குறையுங்கள். நான் சிரியஸைக் குட்டையாக வெட்டிவிட்டுப் பொடி வைத்து ஊதி ஒட்டினேன். அந்தத் தழும்பு இன்னும் தெரிகிறது.