பண்டிகை கொண்டாடாதது ஒரு குற்றமா?

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு வயது 43. மயிலாடுதுறையில் மின்சாமான் கடை வைத்திருக்கிறேன். வீடு பொறையாறு போகும் வழியில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. நாங்கள் ஐந்து தலைமுறையாக லுத்தரன் சபையார். 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதையும், 1718-ல் அங்கே புதிய எருசலேம் கோயிலைக் கட்டியதையும் சொல்லிச் சொல்லியே அப்பா என்னை வளர்த்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நான் அந்தச் சபையை விட்டு வேறு சபையில் சேர்ந்து, முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். எங்கள் சபையில் வேதத்தில் கட்டளையிடாத எதையும் செய்வதில்லை. கிறிஸ்துமஸ் கிடையாது, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் கிடையாது, மரித்தோரை நினைக்கும் நவம்பர் 2-ல் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவது கிடையாது. பொங்கலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதற்காக என் குடும்பமே என்னை ஒதுக்கி வைத்திருக்கிறது. அம்மாவுக்கு வயது 70. என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சண்டை போட்டாலாவது நானும் பதில் சொல்லலாம். அதுவும் இல்லை. சோறு போடுகிறார், "போதுமா?" என்கிறார், எழுந்து போய்விடுகிறார். பண்டிகை கொண்டாடவில்லை என்பதற்காகப் பெற்ற தாய் இப்படி நடந்துகொள்ளலாமா?

போன கிறிஸ்துமசுக்கு அக்கா குடும்பம் திருச்சியிலிருந்து வந்தது. அத்தான் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்ன மாப்பிள்ளை, வீட்டில் நட்சத்திரத்தையே காணோம். குழந்தை இயேசுவைத் தேடி வரும் சாஸ்திரிகள் வழி தெரியாமல் ஏரோது ராஜா வீட்டுக்குப் போய்விடப் போகிறார்கள்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அக்கா சிரித்தாள். என் மனைவி அம்மாவோடு சேர்ந்து எனக்குத் தெரியாமல் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் செய்து, எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறாள். வீடு முழுக்க வாசனை அடிக்கும்போது யாரை ஏமாற்றுகிறாள்? நான் என்ன கொலையா செய்துவிட்டேன்?

நான் சொல்வதற்கெல்லாம் ஆதாரம் இருக்கிறது ஐயா. இயேசு டிசம்பர் 25-ல் பிறந்தார் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது? ரோமாபுரியில் 336-ம் ஆண்டைச் சேர்ந்த குறிப்பில்தான் அந்தத் தேதி முதலில் தென்படுகிறது. 1647-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றமே கிறிஸ்துமசைத் தடை செய்தது. 1659-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் அதைக் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். அவர்களெல்லாம் கிறிஸ்தவர்கள் இல்லையா? தேவனுடைய கற்பனையைத் தள்ளிவிட்டு மனுஷருடைய பாரம்பரியத்தைக் கைக்கொள்கிறீர்கள் என்று மாற்கு 7-ல் ஆண்டவரே கண்டிக்கிறாரே! இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் அம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்கிறார். அவ்வளவுதான்.

நட்சத்திரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு வருஷமும் அப்பாதான் மூங்கில் சிம்பை வளைத்து, வர்ணத்தாள் ஒட்டி, உள்ளே பல்பு போட்டு நட்சத்திரம் செய்வார். நான்தான் ஏணியில் ஏறிக் கூரை முகப்பில் இருக்கும் கொக்கியில் மாட்டுவேன். சபை மாறிய பிறகு மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வருஷம் அவரே ஏறினார், மழை ஈரம், விழுந்துவிட்டார், இடுப்பு எலும்பு முறிந்து, மாசியில் போய்விட்டார் (நான் திண்ணையில் வேதம் வாசித்துக்கொண்டிருந்தேன்). அது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது அம்மாவைப் பற்றி.

டிசம்பர் 24 சாயங்காலம் ஆனால் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை முற்றத்தில் போட்டு, வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்கிறார். வேண்டுமென்றே செய்கிறார். தெருவில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? போன நவம்பரில், "கல்லறையில் புல் மண்டிவிட்டது, ஒருதரம் வந்து பார்" என்றார். மரித்தவர்களுக்கு நாள் பார்ப்பது வேதத்தில் இல்லை என்று பொறுமையாகத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு என்னிடம் அவர் எதையும் கேட்பதே இல்லை. பழைய நட்சத்திரம் பரணில் கிடக்கிறது. எரித்துவிடுங்கள் என்று சபையில் சொன்னார்கள். இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

சத்தியத்தின்படி நடப்பது கொலைக்குற்றமா ஐயா? எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். மனிதர் உண்டாக்கிய பண்டிகையைக் கிறிஸ்தவன் கொண்டாடலாமா, கூடாதா? கூடாது என்று நீங்கள் எழுதினால் அம்மாவிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

*

அன்புள்ள சகோதரருக்கு,

அம்மாவிடம் காட்டுவதற்கு ஏற்ற பதில் இதில் இல்லை. முதலில் நீங்கள் மட்டும் படியுங்கள். கடையில் படிக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ஐந்து ஆண்டுக் கணக்குகள் இருக்கின்றன. 1706, 1718, 336, 1647, 1659. ஐந்தும் சரி. கடல் தாண்டி, மூன்றரை நூற்றாண்டுக்கு முன்பு, யாரோ யாருக்கோ விதித்த அபராதத்தின் தொகைகூட உங்களுக்கு நினைவிருக்கிறது. உங்கள் அப்பா விழுந்தது மட்டும் "அந்த வருஷம்". அவருடைய வீழ்ச்சியும் முறிவும் மரணமும் ஒரே வாக்கியத்துக்குள் முடிந்துவிடுகின்றன. அதன் வாலில், அடைப்புக்குறிக்குள் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், திண்ணையில், வேதத்தோடு. அடுத்த வரியிலேயே "அது வேறு விஷயம்" என்று கதவைச் சாத்துகிறீர்கள்.

அதுதான் விஷயம். அத்தானின் கேலியும் கல்கல் வாசனையும் எனக்கு வேண்டாம். அவை எல்லா வீட்டிலும் இருப்பவை. (அத்தான் சொன்னதைப் படித்து நானும் சிரித்துவிட்டேன். மன்னிக்கவும்.)

கொலை என்ற சொல் உங்கள் கடிதத்தில் இரண்டு முறை வருகிறது. யார் உங்களை அப்படிச் சொன்னது? அம்மா சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. நட்சத்திரம் இல்லை என்று கேலி செய்த அத்தான்கூட, அது ஏன் இல்லை என்று வாய் திறக்கவில்லை. யாருமே சுமத்தாத குற்றத்துக்கு நீங்கள் தனியாகக் கூண்டில் ஏறி நின்று வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள். 336-ம் ஆண்டும் 1647-ம் ஆண்டும் அந்த வழக்குக்கு நீங்கள் கூட்டிவந்த சாட்சிகள்.

"கூடாது" என்ற பதில் உங்களுக்கு ஏன் இவ்வளவு அவசியமாகிவிட்டது என்று யோசித்தேன். பண்டிகை பாவம் என்றால், அப்பா செய்யக்கூடாத ஒன்றைச் செய்யப்போய் விழுந்தார் என்று ஆகிவிடும். உங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விடலாம். கொண்டாடினாலும் சரி, கொண்டாடாவிட்டாலும் சரி என்று யாராவது சொல்லிவிட்டால்? அப்புறம் ஒரு வண்ணத்தாள் நட்சத்திரத்துக்காக அன்றைக்கு எழுந்திருக்காமல் இருந்தோமே என்ற நினைப்பு நேராக முன்னால் வந்து நிற்கும். அதற்குப் பயந்துதான் ஒவ்வொரு டிசம்பரிலும் பண்டிகையைப் பாவமாகவே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பாரத்தை ஒரு கொள்கையால் தாங்க முடியாது. தூக்கம் போனது அதனால்தான்.

நான் கிறிஸ்தவன் அல்லன். வேதத்தில் நீங்கள் என்னைவிடத் தேர்ந்தவர். ஆனாலும் உங்களுக்கு எழுத வேண்டும் என்பதற்காக நீங்கள் சுட்டிய இடத்தை எடுத்துப் படித்தேன். மாற்கு 7-ல் எட்டாவது வசனத்தோடு நீங்கள் நிறுத்திக்கொண்டீர்கள். பதின்மூன்று வரை போயிருக்கலாம். மனுஷருடைய பாரம்பரியத்துக்கு இயேசு அங்கே என்ன உதாரணம் சொல்கிறார்? பண்டிகையைச் சொல்லவில்லை. தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டிய உதவியை, "கொர்பான், அது கடவுளுக்குக் காணிக்கையாகிவிட்டது" என்று சொல்லித் தட்டிக்கழிக்கிற மகனைச் சொல்கிறார். பக்தியைக் காரணம் காட்டிப் பெற்றவர்களிடமிருந்து கையை இழுத்துக்கொள்கிறவன். இதைக் கல்லாக உங்கள் மேல் எறியவில்லை. உங்கள் கையில் இருந்த ஆயுதத்தின் கூர் எந்தப் பக்கம் என்று காட்டுகிறேன்.

யோவான் 10-ல் இன்னொரு இடமும் கண்ணில் பட்டது. எருசலேமில் தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை நடக்கிறது, இயேசு அங்கே மண்டபத்தில் உலாவிக்கொண்டிருக்கிறார். அந்தப் பண்டிகை மோசேயின் சட்டத்தில் இல்லை. கி.மு. 164-ல் மக்கபேயர்கள் என்ற யூத வீரர்கள் ஆலயத்தை மீட்டுச் சுத்தம் செய்ததை நினைத்து மனிதர்கள் ஏற்படுத்திக்கொண்டது. கொண்டாடினாரா என்று எழுதவில்லை. கண்டித்தார் என்றும் எழுதவில்லை. "மாரிகாலமுமாயிருந்தது" என்று மட்டும் இருக்கிறது. படித்தபோது உங்கள் ஊர் டிசம்பரும் ஈர ஏணியும்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

ஆகவே கேள்விக்குப் பதில்: ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், மற்றவன் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயமாக இருக்கட்டும் என்று ரோமர் நிருபத்திலேயே இருக்கிறது. நீங்கள் கொண்டாட வேண்டியதில்லை. உங்கள் முடிவு அது, அதற்கு மரியாதை உண்டு, அத்தானும் அதைக் கொடுக்கப் பழகட்டும். அன்றைக்கு நட்சத்திரம் மாட்ட மறுத்ததும் உங்கள் உரிமை. ஆனால் ஏணியைப் பிடித்துக்கொள்ள எந்த வசனம் தடுத்தது? வயதான ஒருவர் மழை ஈரத்தில் மூங்கில் ஏணியில் ஏறும்போது கீழே நின்று பிடிப்பது எந்தப் பண்டிகையிலும் சேராது. இது உங்களுக்கு அன்றே தெரியும். இதற்கு மேல் நான் அழுத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே போதுமான அளவு சொல்லிக்கொண்டுவிட்டீர்கள்.

அதே அழுத்தத்தோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் அவரைத் தள்ளிவிடவில்லை. இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் பலர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. படுக்கையே நோயாகிவிடுகிறது, நுரையீரலில் சளி கட்டுகிறது, தொற்று வருகிறது. கிணற்றடியில் வழுக்கியவருக்கும் பஸ் படியில் தவறியவருக்கும் இதே கதைதான் நடக்கிறது. பிடிவாதமாக உட்கார்ந்திருந்த மகன் ஒருவன், பிடிவாதமாக ஏறிய அப்பா ஒருவர். அவரும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. மகன் பார்க்கட்டும் என்றுதான் ஏறினாரோ என்னவோ. நீங்கள் செய்ததற்குப் பெயர் வீம்பு. கொலை என்பது வேறு. வீம்புக்கு வருந்தலாம், அழலாம், மன்னிப்புக் கேட்கலாம். இல்லாத கொலைக்கு இது எதையும் செய்ய முடியாது, வாதாடிக்கொண்டே இருக்கத்தான் முடியும்.

இனி அம்மா. இந்த இடத்தில் நான் அவர் பக்கம். பண்டிகை இல்லை என்று அவர் உங்களை ஒதுக்கவில்லை. 24-ம் தேதி சாயங்காலம் அவர் பார்த்துக்கொண்டிருப்பது, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அந்தக் கொக்கியை. தெருவில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை உங்களுக்கு வருகிறது. அவர் என்ன நினைக்கிறார் என்று ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டீர்களா? கல்லறையில் புல் மண்டிவிட்டது, வந்து பார் என்றாரே, மெழுகுவத்தி ஏற்று என்றா சொன்னார்? புருஷனைப் புதைத்த இடத்தில் புல் வளர்ந்துவிட்டது என்று சொன்னவருக்கு நீங்கள் வசனம் சொல்லியிருக்கிறீர்கள். பொறுமையாகச் சொன்னேன் என்று வேறு எழுதுகிறீர்கள். அதற்கு மேல் அவர் என்னத்தைக் கேட்பார்?

நவம்பர் 2 வரை காத்திருக்க வேண்டாம். நாள் பார்ப்பதில்தானே உங்களுக்குச் சிக்கல்? எந்த நாளும் இல்லாத ஒரு செவ்வாயோ புதனோ, கடையைப் பத்து மணிக்குத் திறந்தால் போதும் என்று வைத்துக்கொண்டு, புல் அரிவாளை எடுத்துக்கொண்டு போங்கள். அம்மாவையும் கூட்டிப்போங்கள். அவர் மெழுகுவத்தி கொண்டுவந்தால் வரட்டும். காற்றுக்கு அணையாமல் கையால் மறைத்துக்கொள்வதால் உங்கள் ஞானஸ்நானம் கரைந்துவிடாது. அங்கே வைத்து, அன்றைக்குத் திண்ணையில் இருந்ததைச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்ததுதான். உங்கள் வாயால் வர வேண்டும், அவ்வளவுதான். அவர் உடனே கட்டிக்கொண்டு அழுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். "போதுமா?" என்று மறுபடியும் சோறு போடலாம். அன்றைக்கு "கொஞ்சம் போடுங்கள் அம்மா" என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். அதற்குப் பிறகும் தூக்கம் வரவில்லை என்றால் தயங்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

பரணில் இருக்கும் நட்சத்திரத்தை எரிக்க உங்களுக்கு இத்தனை ஆண்டுகளாக நேரம் கிடைக்கவில்லை என்பதை நான் நம்பவில்லை. நல்லவேளை, எரிக்கவில்லை. அதைச் செய்தவரின் மனைவிதான் அதற்கு உரியவர், என்ன செய்வது என்று அவரே சொல்லட்டும். கீழே இறக்கச் சொன்னால் நீங்களே இறக்குங்கள். ஏணியை யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.