டனல் சோர்ஸ், டனல் டெஸ்டினேஷன்: இந்த முறை வந்த கேள்விகள்

கேள்வி: டனல் சோர்ஸுக்கு இன்டர்ஃபேஸ் பெயரைக் கொடுப்பதா, ஐபி முகவரியைக் கொடுப்பதா?

டனல் என்பது ஒரு பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து இரண்டு ரவுட்டருக்கு நடுவே அனுப்பும் வழி; சோர்ஸ் அது கிளம்பும் முகவரி, டெஸ்டினேஷன் போய்ச் சேரும் முகவரி. எதைக் கொடுத்தாலும் வெளிப் பாக்கெட்டின் தலைப்பில் ஏறுவது முகவரிதான். பெயரைக் கொடுத்தால் அந்த இன்டர்ஃபேஸின் முதன்மை முகவரியை ரவுட்டர் எடுத்துக்கொள்ளும்; நாளைக்கு முகவரி மாறினாலும் டனல் கூடவே மாறிக்கொள்ளும். செகண்டரி முகவரியிலிருந்து கிளம்ப வேண்டும் என்றால் மட்டும் முகவரியாக எழுதுங்கள். அந்த முகவரி உங்கள் ரவுட்டரிலேயே இருக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லவா வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த கடிதத்தைப் பிரித்ததும் சொல்லத்தான் வேண்டும் என்று புரிந்தது.

கேள்வி: எங்கள் ரவுட்டர் நேட்டுக்கு, அதாவது உள் முகவரியைப் பப்ளிக் முகவரியாக மாற்றும் மோடத்துக்கு, பின்னால் இருக்கிறது. மோடத்தின் பப்ளிக் முகவரியை டனல் சோர்ஸாகப் போட்டேன். டனல் எழவில்லை.

எப்படி எழும்? அந்த முகவரி மோடத்தில் இருக்கிறது, உங்களிடம் இல்லை. உங்கள் பக்கம் சோர்ஸ் 192.168.1.2 போன்ற உள் முகவரி. எதிர்முனையில் இருப்பவர்தான் பப்ளிக் முகவரியை டெஸ்டினேஷனாகப் போட வேண்டும். அதோடு முடியாது. ஜிஆர்இ, அதாவது இந்த டனலைப் போடும் முறை, ஐபி புரோட்டோகால் 47; அதற்குப் போர்ட் எண் கிடையாது. போர்ட்டை வைத்துக் கணக்குப் பார்க்கும் சாதாரண நேட் பெட்டிகள் பல இதைக் கண்டால் கைவிரித்துவிடும். யுடிபி போர்ட் 4500-இல் ஐபிசெக் என்ற குறியாக்க முறையைப் போட்டு அதற்குள் ஜிஆர்இயை அனுப்புங்கள், அல்லது வயர்கார்டு என்ற வேறு டனல் முறைக்கு மாறுங்கள்.

கேள்வி: டனல் வேலை செய்யவில்லை. உடனே பதில் தேவை.

கடிதமே இவ்வளவுதான். எந்தப் பெட்டி, என்ன சோர்ஸ், என்ன டெஸ்டினேஷன், லாகில் என்ன வந்தது, ஒன்றும் இல்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. இரண்டு பக்க கான்ஃபிகரேஷனையும் அனுப்புங்கள். ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பினால் படிக்க மாட்டேன். டனல் பிரச்சினைகளில் பாதி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே கண்ணில் படும்.

கேள்வி: லூப்பேக்கிலிருந்து லூப்பேக்குக்கு, அதாவது ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் கற்பனை இன்டர்ஃபேஸ்களுக்கு நடுவே, ஜிஆர்இ டனல் போட்டு, மேலே ரவுட்டர்கள் தமக்குள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் ஓட்டுகிறோம். நெய்பர், அதாவது எதிர்முனை ரவுட்டர், வருகிறது, கொஞ்ச நேரத்தில் டனல் விழுகிறது, மறுபடி எழுகிறது. கேபிளை மாற்றினோம். ரவுட்டரையே மாற்றிவிட்டோம்.

ரவுட்டரை மாற்றும் முன் லாகை ஒரு தடவை படித்திருக்கலாம். சிஸ்கோ பெட்டியாக இருந்தால், ரிகர்சிவ் ரவுட்டிங் காரணமாக டனலைத் தற்காலிகமாக முடக்கியிருக்கிறேன் என்று அதுவே சொல்லியிருக்கும்.

எதிர்முனை லூப்பேக் 198.51.100.9 என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் அங்கே போக உங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, வேறு ரூட் இல்லாதபோது எடுக்கும் வெளிப்பக்க டிஃபால்ட் ரூட். அதன் வழியே டனல் எழுகிறது. ஓஎஸ்பிஎஃப் பேச ஆரம்பித்ததும் எதிர்முனை தன் லூப்பேக்கையும் சேர்த்து அறிவிக்கிறது. இப்போது 198.51.100.9/32-க்கு, அந்த ஒரே முகவரிக்கென்றே, டனல் வழியாக ஒரு ரூட் கிடைத்துவிட்டது. டிஃபால்ட்டும் /32-உம் மோதினால் குறிப்பான /32 தான் ஜெயிக்கும். ஆக, டனலைத் தாங்கும் பாக்கெட்டே டனலுக்குள் போகப் பார்க்கிறது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. ரவுட்டர் டனலை முடக்கும், நெய்பர் போகும், /32 ரூட் போகும், டிஃபால்ட் திரும்பி வரும், டனல் எழும். இப்படியே விடிய விடிய ஓடும்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே வரி: ஓஎஸ்பிஎஃபில் நெட்வொர்க் 0.0.0.0 255.255.255.255 ஏரியா 0. பெட்டியில் இருக்கும் எல்லா இன்டர்ஃபேஸையும் ஒரே மூச்சில் உள்ளே தள்ளும் சோம்பேறி வரி. பயிற்சிக்கூடத்தில் இதைச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று தொண்டை வறளக் கத்தியாகிவிட்டது. நானும் யோக்கியன் இல்லை. ஆரம்ப காலத்தில் இதே வரியைப் போட்டு, லைன்தான் கெட்டது என்று இணைப்பு கொடுத்தவர்களோடு ராத்திரி மூன்று மணி நேரம் சண்டை போட்டிருக்கிறேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

டனல் சோர்ஸாக இருக்கும் லூப்பேக்கை ஓஎஸ்பிஎஃபிலிருந்து இரு பக்கமும் வெளியே எடுங்கள். ரவுட்டர் ஐடிக்கு வேறு லூப்பேக் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே டெஸ்டினேஷனுக்கு ஒரு /32 ஸ்டாட்டிக் ரூட்டை, அதாவது கையால் எழுதும் ரூட்டை, நிஜமான நெக்ஸ்ட் ஹாப்பான வெளிப்பக்க அடுத்த ரவுட்டரைக் காட்டிப் போடுங்கள். ஸ்டாட்டிக்குக்கு டிஸ்டன்ஸ் 1, ஓஎஸ்பிஎஃபுக்கு 110, குறைந்த டிஸ்டன்ஸ்தான் ஜெயிக்கும், அதனால் யாராவது மறுபடி அறிவித்தாலும் தப்பிக்கலாம். அப்புறம் 198.51.100.9-க்கான ரூட்டைப் பாருங்கள். வெளியேறும் இன்டர்ஃபேஸ் என்று டனல் 0 வந்தால் வேலை இன்னும் முடியவில்லை. எப்போதும் சொல்வதுதான்: டெஸ்டினேஷனுக்கான வழி டனலுக்கு வெளியே இருக்க வேண்டும்.

தொலைவில் இருக்கும் ரவுட்டரில் இதைச் செய்கிறீர்கள் என்றால், முதலில் 10 நிமிஷத்தில் ரவுட்டரைத் தானாக ரீஸ்டார்ட் செய்யும் ரீலோட் டைமரைப் போட்டுவிட்டுக் கை வையுங்கள். எல்லாம் சரியானதும் டைமரை ரத்து செய்ய மறக்காதீர்கள்.

கேள்வி: டனல் டெஸ்டினேஷனாக எதிர்ப்பக்க டனல் இன்டர்ஃபேஸின் 10.0.0.2 முகவரியைக் கொடுக்கலாமா?

கூடாது. முந்தைய பதிலை இன்னொரு தடவை படியுங்கள்.

கேள்வி: எங்களுக்கு ஒரே ஒரு இணைய இணைப்புதான். லூப்பேக்கை சோர்ஸாக வைத்தால் நல்லது என்கிறார்களே?

இரண்டு வழி இருந்தால் நல்லது; ஒன்று போனாலும் லூப்பேக் விழாது. ஒரே வழி இருக்கும்போது அந்த வான் (WAN) இன்டர்ஃபேஸே, அதாவது இணையப் பக்க இன்டர்ஃபேஸே, போதும். அதிலும் உங்கள் லூப்பேக் பிரைவேட் முகவரியாக இருந்தால் இணையத்தில் யாரும் அதற்கு வழி காட்ட மாட்டார்கள்.

கேள்வி: எதிர்முனை ரவுட்டரின் பவரையே அணைத்துவிட்டோம். எங்கள் பக்கம் டனல் அப் என்றே காட்டுகிறது!

ஜிஆர்இக்கு எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்ற கவலை கிடையாது. சோர்ஸ் அப், டெஸ்டினேஷனுக்கு ஏதோ ஒரு ரூட், வெறும் டிஃபால்ட்டே ஆனாலும், அதற்குப் போதும். எதிர்முனையைச் சோதிக்கும் கீப்அலைவ் போடுங்கள், 10 விநாடிக்கு ஒன்று, மூன்று தவறினால் டவுன்.

கேள்வி: பிங் போகிறது, பெரிய ஃபைல் போகவில்லை. சோர்ஸை மாற்ற வேண்டுமா?

வேண்டாம், சோர்ஸ் பாவம். ஜிஆர்இ 24 பைட் தின்கிறது, பாக்கெட்டின் வழக்கமான 1500 பைட்டில் மிச்சம் 1476. ஐபிசெக்கும் சேர்ந்தால் இன்னும் குறையும். டனலில் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1400; டிசிபி எம்எஸ்எஸ், அதாவது அதில் ஏறும் தரவின் உச்ச அளவு, 1360 போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஒரே சோர்ஸ், ஒரே டெஸ்டினேஷன், இரண்டு ஜிஆர்இ டனல். முடியுமா?

முடியும். ஒவ்வொன்றுக்கும் அதைப் பிரித்துக் காட்டும் வேறு வேறு டனல் கீ, இரு பக்கமும் அதே எண். கீ போட்டால் தலைப்பில் இன்னும் 4 பைட் ஏறும், மேலே சொன்ன 1476-இல் அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.