சம்பளத்தைத் தீர்மானிப்பது எது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

புறக்கோட்டைப் புடைவைக் கடை ஊழியர்: வியாபாரம் குறைவு என்று கூறி மாதம் 25,000 ரூபாவே தருகிறார்கள். இது சரியா?

சரியன்று. 2016 ஆம் ஆண்டின் தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2025 இல் திருத்தப்பட்டதையடுத்து, மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாவுக்கும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவுக்கும் குறையலாகாது. முதலாளியின் நட்டம் இதற்கு விலக்காகாது. ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் செலுத்த வேண்டிய 12 வீதத்தையும் உங்கள் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது. சம்பளச் சிட்டையுடன் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள்.

வத்தளை வாசகி: தங்கை கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் இறக்குமதித் தீர்வைச் சலுகை மீண்டும் கிடைத்தும் அவளுடைய சம்பளம் அதற்கேற்ப உயரவில்லையே, ஏன்?

அச்சலுகை முதலில் யாருடைய கையைச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் ஆடைகளுக்குப் பொதுவாக 12 வீதம் வரை தீர்வை விதிக்கிறது. 2010 இல் இழந்து 2017 இல் நாம் மீளப் பெற்ற இச்சலுகை அத்தீர்வையை நீக்குகிறது. ஆனால் அதனால் மிச்சம் பிடிப்பவர் அங்குள்ள இறக்குமதியாளர். அந்த மிச்சத்தில் எவ்வளவு தொழிற்சாலைக்கு வரும் என்பது கொள்வனவாளருடன் பேசி முடிக்கும் விலையையும், அதில் எவ்வளவு தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவரை எட்டும் என்பது தொழிலாளரின் பேரம்பேசும் வலுவையும் பொறுத்தது. மேலும், வெளிநாட்டுத் துணியில் தைக்கப்படும் ஆடைகளிற் பல, பொருள் எந்த நாட்டில் உருவானது எனத் தீர்மானிக்கும் உற்பத்தி மூல விதிகளின்படி இச்சலுகைக்குத் தகுதி பெறுவதுமில்லை.

ஆகவே, உங்கள் தங்கையின் சம்பளத்துக்குத் தீர்வை விலக்கைவிட அதனோடு இணைந்த நிபந்தனையே முக்கியம் என்று கருதுகிறேன். இச்சலுகைக்காக இலங்கை நடைமுறைப்படுத்த வேண்டிய 27 சர்வதேச சமவாயங்களில், சங்கம் அமைக்கும் உரிமையும் கூட்டாகப் பேரம்பேசும் உரிமையும் அடங்கும். வேலைத்தலத்தில் குறைந்தது 40 வீதத்தினரை உறுப்பினராகக் கொண்ட தொழிற்சங்கத்துடன் பேச மறுப்பது, நமது கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்கீழும் தடுக்கப்பட்டதே. கட்டுநாயக்க போன்ற வர்த்தக வலயத்துக்குள் அச்சட்டம் செல்லாது என்று எவரேனும் கூறினால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

மட்டக்குளி வாசகர்: அமெரிக்கத் தீர்வையைக் காரணம் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கலாமா?

2025 ஏப்ரலில் 44 வீதமாக அறிவிக்கப்பட்டு, ஆகஸ்டில் 20 வீதமாக்கப்பட்ட அத்தீர்வை, அமெரிக்காவில் அறவிடப்பட்டது. நமது தொழிற் சட்டங்களில் அது எதையும் மாற்றாது. இணங்கிய அடிப்படைச் சம்பளத்தை முதலாளி தன்னிச்சையாகக் குறைக்க முடியாது. ஓடர் குறையும்போது முதலில் அடிபடுவன மேலதிக நேர வேலையும் ஊக்குவிப்புக் கொடுப்பனவுமே. எனவே பேச்சுவார்த்தையில், இவற்றையெல்லாம் கூட்டிக் காட்டும் மொத்தத் தொகைக்கு இணங்காது, அடிப்படைச் சம்பளத்தையே உயர்த்தக் கேளுங்கள். மேலும், மேலதிக நேரக் கொடுப்பனவு சேமலாப நிதிக்குக் கணக்கிடப்படுவதில்லை.