சிஸ்டரிடம் கேளுங்கள்: அப்பா நன்றாகத்தானே பேசிக்கொண்டிருந்தார்?

முப்பது வருஷத்துக்கு மேல் மெடிக்கல் வார்டில் நின்று கால் தேய்ந்தவள் என்ற ஒரே தகுதியில்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவதெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. நிமோனியா என்று வார்டில் சேர்த்திருந்தோம். இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு நர்ஸ் வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா நின்றார், நான் கேட்டதற்குப் பதிலே இல்லை. அப்புறம் டாக்டரைக் கூப்பிட்டார், அரை மணி நேரத்தில் ஐசியூ என்றார்கள். விரலில் மாட்டும் மெஷின் 95 காட்டியது, காய்ச்சலும் இறங்கியிருந்தது, அப்பா நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். பில்லை ஏற்றத்தான் இப்படியா சிஸ்டர்?
— வாசகர், கும்பகோணம்

பதில்: பில் விஷயத்தில் நான் யாருக்கும் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் அந்த நர்ஸ் சும்மா நிற்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்தது நாடி பார்க்கிற பாவனைக்காக, கண் இருந்தது அப்பாவின் நெஞ்சில். "உங்கள் மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொன்னால் யாருக்கும் மூச்சு மாறிவிடும், அதற்காகத்தான் இந்தத் திருட்டுத்தனம். நடுவில் வாயைத் திறந்தால் எண்ணிக்கை போய்விடும், பதில் சொல்லாததற்கு அதுதான் காரணமாக இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 மூச்சு. இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய 'நியூஸ்' என்ற மதிப்பெண் முறை ஒன்று உண்டு, அதில் மார்க் ஏற ஏற ஆபத்து. மூச்சு 25-ஐத் தொட்டால் அது ஒன்றுக்கே 3 மார்க் விழுந்துவிடும். நாடி, பிரஷர், ஆக்சிஜன், காய்ச்சல், சுயநினைவு எல்லாம் கூட்டி 5 வந்தால் டாக்டர் சீக்கிரம் வந்து பார்க்க வேண்டும், 7 வந்தால் அவசரக் குழு ஓடி வர வேண்டும்.

அப்படியானால் 95 ஏன் காட்டியது? கிணற்றில் ஊற்று குறைந்தாலும், ஆள் வேகமாக இறைக்கிறவரை தொட்டி நிறைந்துதான் இருக்கும். இறைக்கிறவர் களைத்துப்போன பிறகுதான் தொட்டி காலியாவது தெரியும். மெஷின் காட்டுவது தொட்டியை, அதாவது ரத்தத்தில் இருக்கிற ஆக்சிஜனை. நர்ஸ் பார்ப்பது இறைக்கிறவரை, அதாவது மூச்சு வாங்கும் வேகத்தை.

அப்பா பேசினார் என்கிறீர்களே, எப்படிப் பேசினார்? ஒரு வாக்கியத்தை முழுசாக முடித்தாரா, நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினாரா? கட்டில் விளிம்பில் கையை ஊன்றி, தோள் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தாரா? சம்பந்தமில்லாமல் ஏதாவது கேட்டாரா? இதெல்லாம் பக்கத்தில் இருக்கிற உங்களுக்குத்தான் எங்களைவிட முன்னால் தெரியும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். நைட் டியூட்டியில் நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர். சார்ட்டில் மூச்சுக்கான கட்டத்தில் எல்லோருக்கும் 20 என்று போட்டுவிடுவது அங்கே வழக்கம், நானும் போட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு ஒன்பதாம் கட்டில் அம்மாவின் மகள் வந்து நின்றாள். "தலையணையத் தட்டித் தட்டி விடுறாங்க சிஸ்டர், நேத்து இப்படி இல்ல." போய் எண்ணினால் 34. டாக்டர் வந்தார், ஆக்சிஜன் வைத்தோம், பிழைத்துக்கொண்டார். கேஸ் ஷீட்டில் நான் எழுதிய 20-க்கு அடுத்த கட்டத்தில் அந்த 34-ஐயும் நானேதான் எழுத வேண்டியிருந்தது.

'நேத்து இப்படி இல்ல' என்று தோன்றினால் தயங்காமல் நர்ஸிடம் வந்து சொல்லுங்கள். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கேள்வி: மாமியாருக்கு இதயக் கோளாறு, சர்க்கரையும் உண்டு. டாக்டர் எழுதிய டிகாக்சின் மாத்திரையை நர்ஸ் காலையில் கொடுக்கவில்லை, இன்சுலினையும் தள்ளி வைத்துவிட்டார். டாக்டர் எழுதியதை நிறுத்த நர்ஸுக்கு என்ன அதிகாரம்? வீட்டிலிருந்து கொண்டுபோன அதே மாத்திரையை நாங்களே கொடுத்துவிட்டோம்.
— வாசகி, திருச்சி

பதில்: கடைசி வரியைப் படித்ததும் எனக்குப் படபடப்பு வந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை, நிறுத்தி வைத்தார், இரண்டும் வேறு. டிகாக்சின் இதயத் துடிப்பை மெதுவாக்கும் மருந்து, அதனால் கொடுக்கும் முன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து முழு ஒரு நிமிஷம் துடிப்பை எண்ணுவோம். 60-க்குக் கீழே போனால் மாத்திரையை வைத்துக்கொண்டு டாக்டருக்குச் சொல்லிவிட்டு, சார்ட்டில் காரணத்தை எழுத வேண்டும். வயதானவர்களுக்கு, அதிலும் கிட்னி மந்தமானவர்களுக்கு, இந்த மருந்து உடம்பில் தங்கிவிடும். பசியே போய்விடும், குமட்டும், பார்வையில் மஞ்சள் தட்டும், துடிப்பு இன்னும் குறையும். நீங்கள் கொடுத்ததை இன்றைக்கே, எத்தனை, எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், மறைக்காதீர்கள்.

இன்சுலினுக்கு வருகிறேன். மாமியார் காலையில் இட்லியைத் தொட்டாரா? சாப்பாட்டுக்கு முன் போடும் வேக இன்சுலினைப் போட்டுவிட்டு, தட்டு அப்படியே திரும்பி வந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். விழித்திருந்து விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று நாலு டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்ப்போம். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும், அவருக்கு நரம்பில்தான். நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலின் கணக்கு வேறு, சாப்பிடவில்லை என்பதற்காக அதை வீட்டில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கிறது. எண்ணெய் தேய்த்து அழுத்திவிடலாமா? ஏர் பெட் வாங்கிவிட்டோம்.
— வாசகர், விருதுநகர்

பதில்: தேய்க்கவே தேய்க்காதீர்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப்புண்ணின் முதல் படி வந்துவிட்டது. தோல் கருப்பாக இருந்தால் நிறம் சரியாகத் தெரியாது, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். ஏர் பெட் நல்லதுதான், ஆனால் அது அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்காது. அதை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்கள்தான் செய்ய வேண்டும். குதிகாலையும் பாருங்கள், எல்லோரும் மறக்கிற இடம் அது.

கேள்வி: சோர்வாக இருக்கிறது என்றால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டால் தெம்பு வந்துவிடும்தானே?
— வாசகர், பழனி

பதில்: 500 மில்லி, 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. இரண்டு இட்லி சாப்பிட்டாலே அந்தத் தெம்பு வந்துவிடும். அதே அளவு நார்மல் சலைன் என்றால் அதில் நாலரை கிராம் உப்பு. இதயம் பலவீனமானவருக்கு அதைக் கேட்டு வாங்கி ஏற்றினால் மறுநாள் கால் வீங்கி, மூச்சு வாங்கி எங்கள் வார்டுக்கு வருவார். அவரை நாங்கள் தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கு முன்னால், எடை பார்ப்போம். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர்.