15 வருடப் பழைய சாதாரணக் குடும்பக் கார் வாங்குவது முட்டாள்தனமா?

கையில் இருக்கும் பணத்துக்கு 15 வருடப் பழைய நான்கு கதவுக் கார் ஒன்று கிடைக்கிறது, பார்க்க ஒன்றும் இல்லாத வண்டி, வாங்கினால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள், வயதானவர் ஒருவர் இருப்பார், ஏற்கெனவே ஒரு கடன் ஓடிக்கொண்டிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அப்படி இல்லையென்றாலும் என் பதில் மாறாது. வண்டி நன்றாகப் பராமரிக்கப்பட்டிருந்தால் வாங்குங்கள்.

என் காருக்கு இப்போது வயது 19. அப்பா வாங்கியது, அவர் போன பிறகு நான் ஓட்டுகிறேன். 2,46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மங்கிய சாம்பல் நிறம், 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், டர்போ கிடையாது, ஐந்து கியர், பின் கதவுக் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். என்ன கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் கேட்டவரை மறந்துவிட்டு எல்லோரும் கம்பெனியைப் பற்றிச் சண்டை போடுவார்கள், அதை நிறையப் பார்த்துவிட்டேன்.

இந்த மாதிரி வண்டியில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் கெட்டுப்போகும். கிளட்ச் தேய்ந்தால், மிதியை விடும்போது அது பிடிக்கும் இடம் மாதக்கணக்கில் மேலே ஏறிக்கொண்டே வரும். வீல் பேரிங் போவதற்கு முன்னால் ஹூம் என்று ஒரு சத்தம், வேகம் கூடக் கூட அதுவும் கூடும். பேட்டரி சாகப் போகிறதென்றால் காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும். காதும் கையும் இருந்தால் போதும். புது வண்டிகளில் எனக்குள்ள பயமே, நேற்றுவரை நன்றாக இருந்தது இன்று ஒரு சென்சார் போய் ஓடவே மாட்டேன் என்று நிற்பதுதான். எல்லாப் புது வண்டியும் அப்படி என்று சொல்லவில்லை, சண்டைக்கு வர வேண்டாம். மாமா ஒருவரின் புது வண்டியில் அது நடந்ததைக் கூட இருந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

என் வண்டி சொன்னதை நான் கேட்காமல் விட்ட கதையைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரம். தையல் பிரிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டுத் திரும்பும்போது இரவாகிவிட்டது, ஆள் நடமாட்டம் இல்லாத சாலை. வெப்பம் காட்டும் முள் எப்போதும் நடுவில் நிற்கும், அன்றைக்கு நடுவைத் தாண்டி மெல்ல ஏறியது. ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தேன். அது இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வெளியே இழுக்கும், அப்பா சொல்லிக்கொடுத்தது. முள் இறங்கவில்லை. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். ரேடியேட்டருக்கு மேலே போகும் ரப்பர் ஹோஸ், கிளாம்ப் போட்ட முனைக்குப் பக்கத்தில் வெடித்து ஆவி வந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் முன்னாலேயே அந்தக் கிளாம்பைச் சுற்றி வெளிர் சிவப்பாக ஏதோ உப்பு மாதிரிக் காய்ந்திருந்ததைப் பார்த்திருந்தேன். கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கசிந்து உலர்ந்தால் அப்படித்தான் படியும். அம்மாவின் ஆஸ்பத்திரி அலைச்சலில், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலே இருக்கும், திறந்த நொடியில் முகத்தில் பீறிட்டு அடிக்கும். அதனால் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அம்மாவால் இறங்க முடியாது. பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே, "டிக்கில அப்பாவோட பை இருக்கும் பாரும்மா, அதுல கத்தி வச்சிருப்பார்" என்றார். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் பழைய துணியில் சுற்றிய கத்தி, இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டார்ச், ஒரு நீளமான நோட்டு. ஹோஸின் வெடித்த முனையை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி எறிந்தேன். மிச்ச ஹோஸை இழுத்துப் பழையபடி மாட்டக் கொஞ்சம் நீளம் இருந்தது, கிளாம்பை முடுக்கினேன். வண்டியில் இருந்த குடிநீர் பாட்டில்கள் நான்கையும் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற அம்மா ஒன்று, இரண்டு என்று உள்ளேயிருந்து எண்ணிக்கொண்டே இருந்தார், எதற்கு என்று இன்றுவரை கேட்கவில்லை. மெதுவாக ஓட்டி வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் மெக்கானிக் புது ஹோஸ் போட்டுக் கூலன்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். தண்ணீரை மட்டும் ஊற்றி அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது, உள்ளே துரு பிடிக்கும்.

ஒரு கத்தியும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்து, அதுவரை ஒரு நட்டைக்கூடத் திருகாத நான் சரி செய்ய முடிந்தது என்றால், அந்த ஹோஸ் கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததுதான் காரணம். பானட்டைத் திறந்தால் அடியில் தரை தெரியும் அளவுக்கு உள்ளே இடம் இருக்கிறது. ஹெட்லைட் பல்ப் போனால் பின்னாலிருந்து ரப்பரைக் கழற்றி ஐந்து நிமிடத்தில் வேறு போட்டுவிடலாம். இப்போது வரும் பல எல்இடி விளக்குகளில் பல்ப் என்று தனியாக எதுவுமே இல்லை, போனால் முழு விளக்கையும் மாற்ற வேண்டும். 14 இன்ச் சக்கரம், டயரின் பக்கச் சுவர் உயரமானது, பள்ளத்தில் இறங்கினால் ரப்பர் அடியை வாங்கிக்கொள்ளும், ரிம் எளிதில் வளையாது. பெட்ரோலை வால்வுக்கு முன்னாலேயே தெளிக்கும் பழைய முறை என்பதால் வால்வைப் பெட்ரோலே கழுவிக்கொண்டிருக்கும். சிலிண்டருக்குள் நேராகப் பீய்ச்சும் இன்ஜின்கள் பலவற்றில் அந்த வால்வில் கரி படிவது ஒரு தனித் தொல்லை. இதெல்லாம் விளம்பரத்தில் வராது, கண்ணுக்கு அழகாகவும் இருக்காது.

இன்னொன்று, அதிகம் விற்ற மாடலையே வாங்குங்கள். அபூர்வமானது என்று யாராவது ஆசை காட்டினால் ஒதுங்கிவிடுங்கள். வோக்ஸ்வாகன் பீட்டில் 1938 முதல் 2003 வரை 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். ரெனோ 4 என்ற வண்டி 1961 முதல் 1990களின் தொடக்கம் வரை 80 லட்சத்துக்கும் மேல். 1966இல் வந்த கொரோலா இன்றும் வருகிறது, 5 கோடியைத் தாண்டிவிட்டது. இவற்றையெல்லாம் ஜனங்கள் பிள்ளைகளையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு போகத்தான் வாங்கினார்கள். ஒரு வண்டி அத்தனை பேரிடம் இருந்தால் உதிரிபாகம் தயாரிப்பவர் பலர் இருப்பார்கள், எங்கே கழன்றாலும் அதை முன்பே பார்த்த மெக்கானிக் ஒருவர் அகப்படுவார். அதே 15 வயதில் ஒரு சொகுசுக் கார் இதே விலைக்குக் கிடைக்கிறது என்றால் தயவுசெய்து தொடாதீர்கள். வாங்கும் விலைதான் இறங்கியிருக்கும், பாகங்களின் விலை இறங்காது. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் கசிந்தால் அதற்கு ஆகும் செலவு வண்டி வாங்கிய விலையைத் தொட்டுவிடும்.

பணத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. புது வண்டியின் மதிப்பு முதல் சில வருடங்களில்தான் மடமடவென்று இறங்கும், அந்த நஷ்டத்தை முன்னால் வைத்திருந்தவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். புதிது வாங்கியிருந்தால் என்ன தவணை கட்டுவீர்களோ அதில் பாதியை மாதாமாதம் தனியாகப் போட்டு வையுங்கள். என் வண்டிக்கு மிகவும் செலவான வருடத்தில்கூட அதில் மிச்சம் இருந்தது.

பாதுகாப்பு என்று சிலர் வருவார்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் வண்டியில் இரண்டு ஏர்பேக்கும், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ்ஸும் இருக்கின்றன. வழுக்கும்போது வண்டி திரும்பிவிடாமல் பிடிக்கும் இஎஸ்சி இல்லை. அமெரிக்காவில் 2012 மாடல்களிலிருந்தும் ஐரோப்பாவில் 2014 கடைசியிலிருந்தும் எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயம். ஒரே விலையில் இரண்டு பழைய வண்டி கிடைத்து ஒன்றில் இஎஸ்சி இருந்தால், நிறம், சீட்டு எதையும் பார்க்காமல் அதை எடுங்கள். புகையிலும் பழையது புதியதற்கு ஈடாகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்சீட்டில் பெல்ட் போடாமல் புதுக் காரில் போகிறவர்கள் எனக்குப் பாதுகாப்புப் பாடம் எடுப்பதை ஏற்க முடியாது. மூன்று முனை பெல்ட் 1959இல் வால்வோவில் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் கொண்டுவந்தது, அது என் வண்டியிலும் இருக்கிறது, அம்மா உட்பட எல்லோரும் போடுகிறோம். டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பூ தேயாமல் நன்றாக இருந்தாலும் பத்து வருடம் ஆன ரப்பரை நம்ப வேண்டாம்.

சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் நான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன். என் அண்ணன் வருடத்துக்கு ஒரு தடவை வருவான், வந்ததும் வாசலில் நின்று "இந்தத் தகரத்தை இன்னுமா வச்சிருக்க" என்பான். நான்கு பேர் இருக்கும்போதுதான் சொல்வான். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது அவன் மூன்று நாள் இருந்தான். அதற்குப் பிறகு பிசியோதெரபிக்கு 34 தடவை போனோம், அத்தனையும் இந்த வண்டியில். ஒரு தடவைகூட எப்படிப் போய்வந்தீர்கள் என்று அவன் கேட்டதில்லை. பக்கத்தில் இருப்பவர் செய்வதெல்லாம் தானாக நடப்பது மாதிரியும், தூரத்திலிருந்து வருபவர் ஒரு பழப்பை கொண்டுவந்தால் அதுதான் பாசம் என்றும் எங்கள் வீட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. வண்டி சர்வீசுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போனால் மெக்கானிக்கும் அவனைப் பார்த்தே பேசுவார். எந்தப் பக்க டிரைவ் ஷாஃப்ட் சத்தம் போடுகிறது என்று தெரிந்தவள் நான். கேட்டதற்கு இது சம்பந்தமில்லைதான், ஆனால் உங்கள் வீட்டிலும் வண்டியைப் பார்த்துச் சிரிப்பவர் யார், அதில் ஏறிப் போகிறவர் யார் என்று பாருங்கள்.

சரி, வாங்கப் போகும்போது காலையில் போங்கள். வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவைத்துவிட்டு, போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள், குளிர்ந்த இன்ஜினில்தான் சத்தமும் புகையும் தெரியும். ஆயில் மூடியின் அடிப்பக்கம் பால் ஆடை மாதிரி படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம், இன்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவில் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். எப்போதும் குறைந்த தூரமே ஓடும் வண்டியிலும் கொஞ்சம் படியும், அதனால் மெக்கானிக்கிடம் காட்டி முடிவு செய்யுங்கள். ஜாக்கி வைக்கும் இடத்தில் துரு அரித்திருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். இன்ஜினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட்டா செயினா என்று கேளுங்கள். பெல்ட் என்றால் அது ரப்பர், கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருடக் கணக்குக்கு மாற்ற வேண்டும், பல இன்ஜின்களில் அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து இன்ஜினே போய்விடும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள்.

அந்த இரவு டிக்கியில் கிடைத்த நோட்டை வீட்டுக்கு வந்து முழுவதும் படித்தேன். ஆயில், பிரேக் ஆயில், பெல்ட், பல்ப், எல்லாவற்றுக்கும் தேதியும் கிலோமீட்டரும் போட்டு அப்பா எழுதியிருந்தார். மேல் ஹோஸ் 1,31,000இல் மாற்றியது என்று இருந்தது, பக்கத்தில் "4 வருஷத்தில் மறுபடி பார்க்கவும்" என்று சிவப்பு மையில். இப்போது நான் நீல மையில் எழுதுகிறேன். உங்களுக்கு விற்பவரிடம் அப்படி ஒரு நோட்டோ ரசீதுக் கட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் வண்டியைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்னால் அதை வாங்கிப் படியுங்கள்.