ஒரே வீடியோ கேமைத் திரும்பத் திரும்ப ஆட வைப்பது எது?

கதையும் கிராபிக்ஸும்தான் காரணம் என்றால், மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்கி, நிரம்பிய வரிசைகளை அழிக்கும் டெட்ரிஸை யாரும் இரண்டாம் முறை தொட்டிருக்க மாட்டார்கள். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் அதை எழுதிய எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார்.

நம்மைப் பிடித்து இழுப்பது அதிலுள்ள பேராசைக் கணக்கு. நின்டெண்டோவின் பழைய பதிப்பில், தொடக்க லெவலில் ஒரு வரிசையை அழித்தால் 40 புள்ளி. நான்கு வரிசைகளை ஒரே அடியில் அழித்தால் 1200! ஒவ்வொன்றாக அழித்தால் நாலுக்கும் சேர்த்து 160தான். அதனால் ஓரத்தில் ஒரு கட்ட அகலத்துக்குக் காலியாக விட்டுவிட்டு, நான்கு வரிசைகளையும் ஒரேயடியாக நிரப்பும் நீளக் கட்டைக்காகக் காத்திருப்போம். அது வராது. அடுக்கு ஏறிக்கொண்டே போகும். பயந்துபோய் அந்தக் குழியை வேறு எதையோ போட்டு மூடினால், அடுத்ததாக நீளக் கட்டை வந்து இளிக்கும். எனக்கு இது வாடிக்கை.

தோற்றால் யாரைத் திட்டுவது? நாம் வைத்த கட்டை, நாம் விட்ட ஓட்டை. தப்பு கண்ணெதிரே தெரிகிறது, மறு ஆட்டமோ ஒரு பொத்தான் தூரத்தில். 'சரி, இன்னும் ஒரே ஒரு தடவை' அங்கேதான் பிறக்கிறது.

அப்புறம், எல்லாமே அதிர்ஷ்டம் என்றாலும் வெறுத்துவிடும். அதனால்தான் புதிய பதிப்புகள் பலவற்றில் ஏழு வகைக் கட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் குலுக்குவதுபோலத் தருகிறார்கள். பை தீர்ந்த பிறகே அடுத்த பை. இரண்டு நீளக் கட்டைகளுக்கு நடுவே அதிகபட்சம் 12 கட்டைகள்தான் வரும். அதற்குள் தாக்குப்பிடிப்பது நம் கையில்.